கோட்டுக்கு மொழியில்லை என்போருக்கு

பொறியியல் வரைபடத்துக்கு மொழி கிடையாது என்ற வாதத்தை நான் முதன்முதலாகக் கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப்புற இளைஞர்களுக்குத் தொழினுட்பக் கல்லூரிகளில் தமிழில் வகுப்பு வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால், அதிகாரிகள் மட்டத்திலிருந்து இந்த வாக்கியம்தான் விடையாக வரும். "கோட்டுக்கு ஏது மொழி? வட்டம் எந்த மொழியிலும் வட்டம்தானே?" சொல்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கப் போனவரும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். அண்மையில் இதே வாக்கியத்தை எம்மவர் ஒருவரே, ஒரு தொழிற்சங்க மேடையில், தாமே கண்டுபிடித்ததைப் போலச் சொல்லக் கேட்டேன். அதன் பிறகும் எழுதாமல் இருப்பது சரியல்ல.

வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது இத்தனை காலம் உயிரோடிருக்கிறது. முழுக்கோடு என்றால் கண்ணுக்குத் தெரியும் விளிம்பு. விட்டுவிட்டு வரையப்படும் கோடு மறைந்திருக்கும் விளிம்பு. நீளமும் சிறு துண்டுமாக மாறி மாறி வருவது மையக்கோடு. யப்பானில் வரையப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு லேத் பட்டறைக்காரர் உதிரிப்பாகம் கடைந்து தந்துவிடுவார். அவருக்கு யப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பட்டறைக்காரருக்குப் படம் வாசிக்க யாரோ ஒருவர் வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறார் அல்லவா? வரைபடம் பேசாது, அதைக் கற்பிக்கும் ஆசிரியர் பேசியே ஆகவேண்டும். நான் கலைப் பட்டதாரி. இயந்திரம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகைத் தொழிலில் கேட்டும் பார்த்தும் அறிந்தவை. எனக்கே விளங்குகிற ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். ஒரு பொருளை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலேயிருந்தும் பார்த்து வரைவதில் இரண்டு முறைகள் உண்டு: முதற்கோண எறியம், மூன்றாங்கோண எறியம். முதலாவதில், இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை முன்தோற்றத்தின் வலப்பக்கத்தில் வரைவார்கள். இரண்டாவதில் இடப்பக்கத்திலேயே வரைவார்கள். பிரித்தானிய வழி வந்த பழைய படங்கள் முதலாவது முறையிலும் அமெரிக்கப் படங்கள் இரண்டாவது முறையிலும் இருக்கும். கோடுகள் அதே கோடுகள்தாம். படத்தின் மூலையில் இருக்கும் சின்னஞ்சிறு குறியைப் பார்த்து எந்த முறை என்று அறியாதவன் வலப்பக்கத்துத் துளையை இடப்பக்கத்தில் போட்டுவிடுவான். இரும்பு வீண், நாள் வீண், வேலையும் போய்விடலாம். அந்த வேறுபாட்டை விளக்குவதற்கு வாக்கியங்கள் வேண்டும். வாக்கியம் ஒரு மொழியில்தான் இருக்கும்.

இன்னொன்று. ஒரு பாகத்தை வெட்டிப் பார்ப்பதுபோல வரையும்போது வெட்டுப்பட்ட இடத்தில் சரிகோடுகள் இடுவார்கள். ஆனால் தண்டையோ போல்ட்டையோ நீளவாக்கில் வெட்டினால் அதன்மேல் சரிகோடு இடமாட்டார்கள். ஏன்? அவற்றின் உள்ளே காட்டுவதற்கு எதுவுமில்லை. கோடு இட்டால் மற்றப் பாகங்களோடு கலந்து குழப்பும். இந்த 'ஏன்' விளங்கியவன் புதிய படம் வரைவான். விளங்காதவன் இருக்கிற படத்தைப் பிரதி பண்ணுவான். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது கல்வி. அதுவும் கல்லூரி வாசலை எட்டிவிட்ட சிலருக்கு மட்டும்.

மலையகம் என்றதும் நுவரெலியாவும் ஹட்டனும் தலவாக்கலையுமே எல்லோருக்கும் நினைவில் வரும். நன்கொடையாளருக்கும் அப்படித்தான், அமைச்சருக்கும் அப்படித்தான், எங்கள் எழுத்தாளர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் வேறு நிலம். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை பக்கம் தேயிலையும் இறப்பரும். தெரணியகலை, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய பக்கம் பெரும்பகுதி இறப்பர். எமது மக்கள் இங்கே தொடர்ச்சியான ஒரு நிலப்பரப்பில் இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாக வாழ்கிறார்கள். 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் இந்தத் தோட்டங்களில் லயங்கள் எரிக்கப்பட்டதையும், பலர் வன்னிக்குப் போய்ச் சேர்ந்ததையும் நினைவில் வைத்திருப்போர் இன்றும் இருக்கிறார்கள். எஞ்சியவர்கள் குரலெழுப்பத் தயங்கிப் பழகிவிட்டார்கள். அந்த அமைதியைத்தான் 'அங்கே பிரச்சினை ஒன்றும் இல்லை' என்று கொழும்பு வாசிக்கிறது.

தொழினுட்பக் கல்வித் திணைக்களத்தின் வேர் 1893இல் மருதானையில் தொடங்கிய அரசாங்கத் தொழினுட்பப் பாடசாலையில் இருக்கிறது. இன்று இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தொழினுட்பக் கல்லூரிகள் உண்டு. தேசிய தொழிற்றகைமையில் ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். ஏணி நன்றாகத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வடக்கு, கிழக்குக்கு வெளியே அரச தொழிற்பயிற்சியின் கீழ்ப்படிகள் பெரும்பாலும் சிங்களத்தில், மேற்படிகள் ஆங்கிலத்தில். பதினொரு வருடம் தமிழில் படித்துச் சாதாரண தரம் எழுதிய பிள்ளை முதற்படியில் கால் வைக்கும்போதே வழுக்குகிறது.

அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். தேசிய மொழிகளில் எதனூடாகவும் கல்வி பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. வேற்றுமொழியில் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே டிப்ளோமாவை ஆங்கிலத்தில் நடத்துகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் அதற்கொரு சட்ட நிழல் இருக்கலாம். சான்றிதழ் வகுப்பைச் சிங்களத்தில் மட்டும் நடத்துவதற்கு எந்த நிழலும் இல்லை. இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டிய சட்டத்தரணிகள் எங்கள் சமூகத்தில் இன்று இல்லாமல் இல்லை. அவர்கள் தேர்தல் மேடைகளில் இருக்கிறார்கள்.

"உங்கள் பிள்ளைகளுக்குத்தான் சிங்களம் நன்றாக வருமே" என்பார்கள். வரும். காவத்தைச் சந்தையில் பேரம் பேசவும், பஸ்ஸில் நடத்துனரோடு சண்டை பிடிக்கவும், கூடப் பிறந்தவனைப் போன்ற சிங்கள நண்பனோடு கிரிக்கெட் பேசவும் வரும். அந்தச் சிங்களம் வாயில் இருப்பது. தண்டுக்கும் துளைக்கும் இடையே அனுமதிக்கத்தக்க இடைவெளி மில்லிமீற்றரில் நூறில் எத்தனை பங்கு என்பதைக் குறிப்பெடுத்து, வீட்டில் போய் வாசித்து, பரீட்சையில் எழுதும் சிங்களம் வேறு. அதைப் பாடசாலை கற்பித்திருக்க வேண்டும், கற்பிக்கவில்லை. எட்டியாந்தோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவரின் வகுப்புக் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஆசிரியர் சிங்களத்தில் சொன்னதைக் காதில் விழுந்த ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார், பக்கம் பக்கமாக. "இரவில் வாசித்தால் பாதி எனக்கே விளங்காது சேர்" என்றார். ஆசிரியர் மீது அவருக்குக் குறை எதுவும் இல்லை. நல்ல மனிதர், வகுப்பு முடிந்த பின் தனியாகக் கூப்பிட்டுக் கையால் காட்டிச் சொல்லித் தருவாராம். ஒரு நல்ல ஆசிரியரின் கருணையில் தொங்குகிற உரிமைக்கு உரிமை என்று பெயரில்லை.

அந்தக் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய செயற்றிட்டப் படங்களும் இருந்தன. திருகு ஜாக்கி, தண்டைத் தாங்கும் பிளம்மர் பிளொக், இரண்டு கம்பிகளை இணைக்கும் நக்கிள் மூட்டு. கணினியில் வரைந்து அச்சிட்டவை. பார்க்க அழகாகவே இருந்தன. கொழும்பிலும் கோயம்புத்தூரிலும் பாட்னாவிலும் ஐம்பது அறுபது ஆண்டுகளாக மாணவர்கள் வரைந்துவரும் அதே மூன்று உருப்படிகள். "இதில் நீங்கள் தீர்மானித்தது எது?" என்று கேட்டேன். கேள்வி அவருக்கு விளங்கவில்லை. அளவுகள் புத்தகத்தில் இருந்தன, அவர் ஓட்டோகேட்டில் ஏற்றினார், அவ்வளவுதான். அவர் ஏற்றினார், வகுப்பில் வேறு சிலர் அதைப் பென்டிரைவில் வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்ததாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். அருகில் அமர்ந்திருந்த தந்தை தேநீர்க் கோப்பையை நீட்டியபோதுதான் கவனித்தேன், வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. இறப்பர் ஆலையின் உருளை.

இந்த இடத்தில்தான் என் சண்டை மொழியோடு நின்றுவிடவில்லை. கேகாலை மாவட்டத்து ஆலைகளில் பால் உறைந்த கட்டி சோடி உருளைகளுக்கு இடையே மீண்டும் மீண்டும் செலுத்தப்பட்டுக் கிரேப் இறப்பராக வெளிவருகிறது. கட்டியைக் கொடுப்பது கை. உருளைகள் சந்திக்கும் வாய்க்குமுன் ஒரு தடுப்பு வேண்டும். தடுப்பின் இடைவெளி சிறிதாயிருந்தால் இறப்பர் போகாது. பெரிதாயிருந்தால் விரல் போகும். உருளையிலிருந்து தடுப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப இடைவெளியின் அளவு மாறும். கையை அளக்க வேண்டும், கட்டியை அளக்க வேண்டும், நிற்கும் உயரத்தை அளக்க வேண்டும், அவசரத்தில் முழங்கால் பட்டாலே இயந்திரத்தை நிறுத்தும் தண்டு எங்கே வரவேண்டும் என்று யோசிக்க வேண்டும். ஒரு மாணவனுக்கு இதைவிடச் சிறந்த வடிவமைப்புப் பாடம் உலகில் எங்கே இருக்கிறது? ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. விரல் போன தகப்பனின் மகனுக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சி நக்கிள் மூட்டு!

தேயிலைத் தொழிற்சாலையில் நிற்கும் உருட்டும் இயந்திரத்தை எடுங்கள். எங்கள் ஆட்களின் பேச்சில் 'ரோலர்'. மூன்று கிராங்குகளில் தொங்கிச் சுழலும் ஓர் உருளைப் பெட்டி, கீழே மேடு பள்ளமான மேசை, மேலிருந்து அமுக்கும் மூடி. மூன்று கிராங்குகளில் ஒன்றின் பேரிங் தேய்ந்தால் முழு இயக்கமும் தடுமாறும். ஸ்டோரில் முப்பது வருடம் நின்ற பெரியவர் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தெரிந்தது பொறியியல் அறிவு. படமாக வரையத் தெரியாததால் அதற்குக் கூலி மட்டும் கிடைக்கிறது.

இந்த இயந்திரங்கள் எங்கே பிறந்தன என்பதும் நினைக்கத்தக்கது. பெல்பாஸ்ட்காரரான சாமுவேல் டேவிட்சன் 1864இல் கச்சார் தேயிலைத் தோட்டமொன்றுக்கு உதவியாளராகப் போனவர். கொழுந்தைக் கரி அடுப்பில் உலர்த்தும் சங்கடத்தைக் கண்ணால் பார்த்தபின் உலர்த்தும் இயந்திரத்தை அமைத்தார். 1881இல் பெல்பாஸ்டில் சிரோக்கோ தொழிற்சாலையைத் தொடங்கினார். வில்லியம் ஜாக்சன் தமது உருட்டும் இயந்திரத்தை 1870களில் உருவாக்கியதும் அசாம் தோட்டத்து வேலையின் நடுவிலேயே. இருவரும் தோட்டத்தில் நின்று வேலையைப் பார்த்தவர்கள், கையில் பென்சில் இருந்தவர்கள். எங்கள் மக்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே தோட்டங்களில் நின்று அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பென்சில் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இப்போது பென்சிலுக்குப் பதில் சுட்டி; அதுவும் வந்தபாடில்லை.

கணினி பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் இது எம்மவர்களின் பெரும் மூடநம்பிக்கை. ஐவன் சதர்லண்ட் திரையில் கோடு வரையும் முதல் நிரலைச் செய்து காட்டியது 1963இல். ஓட்டோகேட் வந்தது 1982இல். இந்தக் கருவிகள் வரைபவனின் கையை விரைவாக்கின. அவனுக்காக யோசிக்க வந்தவை அல்ல. மூன்று மாதத்தில் சான்றிதழ் என்று நகரங்களில் பலகை தொங்கவிட்டிருக்கும் தனியார் வகுப்புகளில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைக் கற்பிக்கிறார்கள். தாய் பால்வெட்டி ஈட்டிய காசு அங்கே கட்டணமாகப் போகிறது. பிள்ளை வெளியே வரும்போது ஒரு பேரிங்கைத் தொட்டுப் பார்த்திருக்காது. ஆனால் அதைத் திரையில் முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டும்.

வேலை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். திண்ம டயர் ஏற்றுமதியில் இலங்கை உலகின் முன்வரிசையில் நிற்கிறது. கையுறைகள், இயந்திரங்களுக்கான இறப்பர் பாகங்கள் என்று பட்டியல் நீளும். அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சு வேண்டும். அந்த அச்சுகள் இன்று கணினியில்தான் வரையப்படுகின்றன. தெஹியோவிட்டயில் பால் எடுப்பவள் எங்கள் பெண். அவிசாவளைக்குப் பக்கத்துச் சீதாவக்கை கைத்தொழிற் பேட்டைக்கு அவள் மகன் போனால் பெட்டி தூக்கும் வேலை. பாலுக்கும் டயருக்கும் நடுவே படவரைஞரின் மேசை ஒன்று இருக்கிறது. அந்த மேசையில் எம்மவர் இல்லை.

தமிழில் இதையெல்லாம் கற்பிக்க முடியுமா என்று கேட்கும் தமிழர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழில் ஆக்கினார். அறுவைச் சிகிச்சையைத் தமிழில் கற்க முடிந்த தீவில், ஆணியும் மரையும் தமிழில் கற்க முடியாதாம். தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார், இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 மே மாதத்தில் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அந்தப் பிரிவுகளை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அறிவிப்பை மீளப் பெற்றது. மாணவர் சேர்க்கை குறைவு என்பதே சொல்லப்பட்ட காரணம். இதைக் காட்டி என்னை மடக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது நான்காண்டுப் பட்டம். பட்டம் முடித்தவன் ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டியவன். பெற்றோர் அஞ்சியது அதற்காக. நான் கேட்பது ஏணியின் கீழ்ப்படிகளை. அங்கே தமிழில் விளங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலப் பெயரையும் கூடவே படித்துக்கொண்டு ஏறினால், ஐந்தாம் மட்டத்து ஆங்கிலம் அச்சுறுத்தாது.

இதில் தமிழறிஞர்களும் கொஞ்சம் விலகி நின்று உதவ வேண்டும். அரசகரும மொழித் திணைக்களம் ஒரு காலத்தில் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பெரும்பணி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே ஒரு சொல், சென்னையில் இன்னொரு சொல், பாடநூலில் மூன்றாவது சொல் என்று பிள்ளை தடுமாறக் கூடாது. பட்டறையில் லேத் என்றால் லேத், பேரிங் என்றால் பேரிங். பெயர்ச்சொல்லுக்காக ஒரு தலைமுறையைக் காக்க வைக்காதீர்கள். வினைச்சொல் தமிழில் இருக்கட்டும், 'ஏன்', 'எப்படி' தமிழில் இருக்கட்டும், அது போதும்.

எங்கள் அரசியற் தலைமைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நீட்டினால் இரத்த அழுத்தம் கூடுகிறது. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013இல் அறிமுகமாகி முதற்பரீட்சை 2015இல் நடந்தது. சப்ரகமுவத் தமிழ்ப் பாடசாலைகளில் அதற்கு ஆசிரியரும் பட்டறையும் வேண்டும் என்று பாராளுமன்றத்தில் விடாப்பிடியாக நின்றவர் யார்? தையல் இயந்திரம் கொடுத்தார்கள். கூரைத் தகடு கொடுத்தார்கள். கணினி அறை திறந்து நாடா வெட்டினார்கள். அடுத்த வருடம் அந்த அறையில் பூட்டுத் தொங்கியது. 1992 முதல் தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பனிகளிடம், "வாரத்தில் ஒரு நாள் மாணவர்கள் உங்கள் ஆலைக்குள் வந்து இயந்திரத்தை அளக்கட்டும்" என்று கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் ஒரு வரி கேட்டிருக்கலாம். அதற்குக் கம்பனிக்கு ஒரு சதம் செலவில்லை.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் கழித்துவிட்ட கணினிகளைக் கொள்கலனில் ஏற்றி அனுப்பாதீர்கள். மாலை போட்டுப் படம் எடுத்த பின் அவை மழையில் நனைகின்றன. மென்பொருளுக்கும் பணம் வேண்டாம். ஃபிரீகேட், லிப்ரேகேட் போன்றவை இலவசம். இயந்திர வடிவமைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்கள் உங்களுக்குள்ளே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உருளைத் தடுப்பை எப்படி அளப்பது, எப்படி வரைவது, எப்படி ஒட்டுவேலை செய்து பொருத்துவது என்று தமிழில் பேசிப் பதிவு செய்து அனுப்ப உங்களால் முடியும். இருபது பாடம் போதும், தொடக்கத்துக்கு.

அரசிடம் கேட்பதும் பெரிய காரியமல்ல. இரத்தினபுரியில் ஒன்று, கேகாலையில் ஒன்று என்று தமிழில் கற்பிக்கும் வரைகலைப் போதனாசிரியர் பதவிகள் இரண்டு. மதிப்பீட்டுத் தாள்களின் தமிழ் வடிவம். செயற்றிட்டத்துக்கு மாணவன் தன் சுற்றாடலிலிருந்து ஓர் இயந்திரத்தைத் தெரிவு செய்யலாம் என்ற ஒரு திருத்தம். இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு மாகாணத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் இந்த வாரம் கடிதம் அனுப்புகிறேன், சிங்களத்திலும் தமிழிலும். வரும் பதில்களை இங்கேயே போடுகிறேன். பதில் அனுப்பாதவர்களின் பெயரையும் போடுகிறேன்.